மாடத்திக்குப் பக்கத்து இடம்

தாபோர்புரத்துக் கோயிலில் மாடத்தி தனக்கென்று எதைக் கேட்டு ஜெபித்தாலும் அது அவளுக்குக் கிடைக்காமல், அவளுக்குப் பக்கத்தில் யார் முழங்காலிட்டு நிற்கிறாளோ அவளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த அந்த ஒன்றேகால் வருஷத்தைப் பற்றி இன்றைக்கு நீங்கள் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், அப்படியா, எங்களுக்கு ஒன்றும் தெரியாதே என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தெரியாமல் என்ன. வாங்கினவர்கள் எல்லோரும் இந்த ஊரில்தான் இருக்கிறோம். அவளுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான், எல்லாரையும்விட அதிகமாக வாங்கினவளும் நான், ஆகையால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கோயிலில் பெஞ்சு சுவரோரம் மட்டும்தான், அதுவும் வயசாளிகளுக்கும் சுகமில்லாதவர்களுக்கும். மற்ற எல்லோருக்கும் பாய். வடபக்கம் ஆண்கள், தென்பக்கம் பெண்கள், நடுவில் ஒரு கயிறு. எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பாய் என்பது எங்கள் பூட்டன் காலத்திலேயே முடிவாகிவிட்டது, ஆள் செத்தாலும் இடம் மாறாது. கடைசியில், செருப்புக் கழற்றிப் போடுகிற வாசலை ஒட்டி ஒரு பாய் கிடக்கும், அதற்குப் புதுப் பாய் என்று பேர். தேரிமணலுக்கு அந்தப் பக்கத்துக் காலனியிலிருந்து வந்து ஞானஸ்நானம் எடுத்தவர்கள் அதில் உட்காருவார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் எடுத்தவர்களும் அதில்தான், அவர்கள் பெற்ற பிள்ளைகளும் அதில்தான், பாய் கிழிந்து நார்நாராகப் போனபிறகும் அது புதுப் பாய்தான். ஒருநாள் அவர்கள் மனசு கடுத்துப்போய், மொத்தமாக எழுந்து, ரோட்டோரத் தகரக் கொட்டகைச் சபைக்குப் போய்விட்டார்கள். அதனால் மாடத்தி வந்தபோது அந்தப் பாயில் அவள் ஒருத்திதான்.

அவள் வந்தது மகளுக்காக. புருஷன் பனையிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டான், இருந்தது ஒரே மகள், செவ்வந்தி, பதினேழு வயசு. பிள்ளைக்குச் சிறுநீரகம் ரெண்டும் சுருங்கிக்கொண்டு வருகிறது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், காலையில் முகம் வீங்கும், சாயங்காலம் கால் வீங்கும். வாரத்துக்கு ரெண்டு நாள் பஸ் ஏறிப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்து சுருண்டு படுத்துக்கொள்ளும். அங்கே ஒரு நர்ஸம்மா, இயேசப்பாகிட்ட கேட்டுப் பாரும்மா என்று சொல்லியிருக்கிறாள். மாடத்தி நேராக எங்கள் போதகரிடம் வந்து, "கேக்கணும்னா என்ன செய்யணும் சாமி?" என்று நின்றாள். அந்த ஜூன் மாசமே அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கிருபையம்மாள் என்று பேர் வைத்தோம். பேரை ரிஜிஸ்தரில் எழுதிவிட்டு எல்லோரும் மாடத்தி என்றே கூப்பிட்டோம்.

ஜெபிக்கக் கற்றுக்கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. என் பேர் ஏமி ரத்தினம், மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், பெண்கள் ஐக்கியச் சங்கத்துக்குக் காரியதரிசி. கணவர் காலமாகிப் பத்து வருஷம், பிள்ளை கிடையாது. என் ஜெபத்துக்கு இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே ஒரு பேர் உண்டு, நான் ஆரம்பித்தால் அசன விருந்துச் சோறு ஆறிப்போகும் என்று ஆம்பிளைகள் கேலி பண்ணுவார்கள், அவ்வளவு நீளம், அவ்வளவு சுத்தம்.

முதல் நாள் கோயில் வராந்தாவில் அவளை உட்காரவைத்து, கண்ணை மூடு, உனக்குத் தெரிஞ்ச மாதிரி ஒரு ஜெபம் பண்ணு பார்ப்போம் என்றேன். அவள் கண்ணை மூடினாள், கையை நீட்டினாள். "ஏ ஆண்டவரே, எம்மவளுக்கு மூத்திரம் போவ வையி" என்றாள்.

"ஏளா, நிறுத்து, நிறுத்து. ஆண்டவரை நீ, வா, போங்கலாமா?"

"சுடலைமாடனை அப்படித்தான் டீச்சர் கூப்பிடுவேன். அவனும் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டான்."

"கூப்பிட்டியே, கேட்டானா?"

"கேக்கல. அதாம்லா இங்க வந்தேன்."

நான் அவளுக்கு முறை சொன்னேன். முதலில் துதி, பிறகு பாவ அறிக்கை, பிறகு ஸ்தோத்திரம், அதற்கப்புறம்தான் விண்ணப்பம். நீ என்று சொல்லக்கூடாது, தேவரீர். எம்மவ என்று சொல்லக்கூடாது, அடியாளுடைய குமாரத்தி. மூத்திரத்தை வாயிலேயே எடுக்கக்கூடாது. எடுத்த எடுப்பில் பெரிய காரியத்தைக் கேட்கக்கூடாது, சின்னது சின்னதாகக் கேட்டுப் பழக வேண்டும், பெரியதை, ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்துகிற திடப்படுத்தல் எடுத்த பிறகு கேட்கலாம். திடப்படுத்தலுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்றேன்.

"அதுவரைக்கும் எம்மவ இருப்பாளா டீச்சர்?"

"விசுவாசம் வேணும் மாடத்தி" என்றேன்.

சொன்னேனே, இந்த வாயால்தான் சொன்னேன். அப்போது எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. கெட்ட எண்ணம் இல்லாமலேயே அவ்வளவு கெடுதல் செய்ய முடிந்திருக்கிறது என்றால் என்னைப் பற்றி நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வார்த்தை சொல்லுவேன், அவள் திரும்பச் சொல்லுவாள். அன்பும், என்பேன். அன்பும், என்பாள். இரக்கமும் உள்ள, என்பேன். எறக்கமும் உள்ள, என்பாள். இரக்கம், என்று திருத்துவேன். தேரிக்காட்டில் விறகு பொறுக்கும்போதும், பள்ளிக்கூடம் பெருக்கும்போதும், மகளுக்குக் கஞ்சி வைக்கும்போதும் அவள் இதையே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள்.

ஆடி மாசத்து ஞாயிறு ஒன்றில் சாராள்தங்கம் கோயிலுக்குப் பிந்தி வந்தாள். சாராள்தங்கம் எங்கள் சபைக் கமிட்டித் தலைவரின் மனைவி, எட்டுக் கட்டு வீட்டுக்காரி. முன்னால் போக வழியில்லாமல், முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பட்டும் படாமலும் புதுப் பாயின் ஓரத்தில் முழங்காலிட்டாள். பக்கத்தில் மாடத்தி, காணாமல் போன தன் வெள்ளாட்டைத் திருப்பித் தரும்படி நான் கற்றுக்கொடுத்த மாதிரியே சின்னதாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆடு கடைசிவரை வரவேயில்லை. சாராள்தங்கம் வீட்டுக்குப் போனபோது வாசலில் ஒரு வெள்ளாடு, ரெண்டு குட்டியோடு, ரொம்ப நாளாக அங்கேயே இருக்கிற மாதிரி அசைபோட்டுக்கொண்டு நின்றது. அடுத்த வாரம் மாடத்தி குதிகால் வெடிப்பு ஆற வேண்டும் என்று கேட்டாள், அன்றைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி நின்ற தையற்காரி லில்லிபுஷ்பத்தின் குதிகால் மறுநாள் பச்சைப்பிள்ளைப் பாதமாக இருந்தது. மாடத்தியின் குதிகாலில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. அதற்கடுத்த வாரம், குடிசை ஒழுகாமல் இருக்க வேண்டும் என்று கேட்டாள். அன்று பக்கத்தில் நின்றவள் வீட்டுத் தட்டோடுகள் அந்த மழைக்காலம் முழுக்க ஒரு சொட்டு விடவில்லை.

இதற்கு மேல் எங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆண்டவர் ஏன் இப்படிச் செய்கிறார், இது சரியா, முறையா என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர், கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. யாருக்கு எந்த வாரம் என்றுதான் கேட்டோம். அறுப்புக்காலம் வந்தபோது பூட்டன் காலத்துப் பாய்களெல்லாம் காலியாகக் கிடக்க, நூற்றுநாற்பது வருஷமாக அந்த வாசல் பக்கம் திரும்பியே பார்த்திராத மேலத்தெருப் பொம்பிளைகள் புதுப் பாயில் ஒருத்தி முழங்கையை ஒருத்தி இடித்துக்கொண்டு நெருக்கியடித்தார்கள். தொட்டால் தீட்டு என்று சொல்லாமலே ஒதுங்கினவர்கள் இப்போது அவள் சேலை தங்கள் சேலைமேல் படுகிறதா என்று பார்த்துப் பார்த்து உட்கார்ந்தார்கள். மாடத்தி கூச்சப்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து செருப்புக்கிட்டேயே போய்விட்டாள்.

சண்டை வந்துவிடக் கூடாதே என்று கமிட்டி கூடியது. மணியடிக்கிற ஆசீர்வாதம் ஒரு முறைப் பட்டியல் எழுதி மணிக்கயிற்று ஆணியில் மாட்டினான். பாயைப் பீடத்துக்கு முன்னால் கொண்டுவந்து போட்டார்கள். ஆம்பிளைகளுக்கும் இடம் வேண்டும் என்று கேள்வி வந்தபோது, நடுவிலிருந்த கயிற்றை நாலடி தள்ளிக் கட்டினால் போயிற்று என்று கமிட்டித் தலைவர் சொன்னார், பெரியவர்கள் கட்டிவைத்த ஒழுங்கு பத்தே நிமிஷத்தில் நாலடி தள்ளிப்போனது. போதகர் எல்லாவற்றையும் கேட்டு, தேவசித்தத்துக்கு நாம் குறுக்கே நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பட்டியலில் மூன்றாவதாகத் தன் மனைவி பேரைப் போடச் சொன்னார்.

ஒரே ஒரு கட்டுப்பாடு, மாடத்திக்கு மட்டும் விஷயம் தெரியக்கூடாது. தெரிந்தால் பக்கத்தில் மகளை உட்காரவைத்துக்கொள்வாள் அல்லவா. அதையும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தானாகவே புரிந்தது.

கொஞ்ச நாளில் இன்னொன்றும் புரிந்தது. அவளுக்கு நிஜமாகவே தேவைப்பட்டால்தான் ஜெபம் பலிக்கிறது. ஒருநாள் சாராள்தங்கம் அவளுக்கு வயிறு நிறைய இட்லி கொடுத்து அழைத்து வந்தாள், அன்றைய ஜெபத்தில் ஒன்றுமே கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு யாரும் இட்லி கொடுக்கவில்லை. அவள் குடிசைக்குப் போடுவதற்கென்று சபைப் பணத்தில் வாங்கின தகரத் தகடுகள் கோயிலின் பின்னறையில் வந்து இறங்கியிருந்தன. கூரை ஒழுகாவிட்டால் அப்புறம் எதைக் கேட்பாள், கொஞ்சம் பொறுப்போம், இன்னும் ஆறு பேர் வீடு கட்டுகிறார்கள் என்று கமிட்டியில் தீர்மானம் ஆனது. கமிட்டித் தலைவரின் தம்பி மகனுக்கு நாலு வருஷமாக வேலை அமையவில்லை. அவளை வேலையில்லாமல் நிறுத்தினால் வேலைக்காக மனசார ஜெபிப்பாளே என்று யாருக்கோ தோன்றியது. நான் போய்ப் பள்ளிக்கூடத்தில் பேசினேன். பெருக்குகிற வேலையிலிருந்து அவளை நிறுத்தினார்கள். அந்த ஞாயிறு அவள் தேம்பித் தேம்பிக் கேட்டாள், தம்பி மகனின் தாய் பக்கத்தில் நின்றாள், பத்தாம் நாள் பையனுக்குத் துறைமுகத்தில் உத்தரவு வந்தது. கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

மாடத்தி ஒவ்வொரு வாரமும் என்னிடம் வருவாள். "நான் எதைத் தப்பாச் சொல்லுதேன் டீச்சர்? நீங்க சொல்லித் தந்தாப்பில தானே சொல்லுதேன். கேக்கது எல்லாம் வேத்தாளுக்குச் சொன்ன மாதிரியே போவுதே."

எனக்குத் தூக்கிவாரிப்போடும். ஆனாலும் சமாளிப்பேன். "தேவரீர்னு சொல்ற இடத்துல நீர்னு சொல்லிப்புட்டே. ஸ்தோத்திரத்தை முழுங்கிட்டே. நல்லாப் படி."

"வீட்டுல வச்சுக் கேக்கட்டா?"

"கூடாது. அரைகுறையாப் படிச்சவ வீட்டுல வச்சு ஜெபிச்சா ஏறுக்குமாறாப் போயிரும். கோயில்ல, சபையார் நடுவுல, பக்கத்துல பழைய விசுவாசி ஒருத்தரை வச்சுக்கிட்டுத்தான் ஜெபிக்கணும். அதான் முறை."

அப்படி ஒரு முறை எங்கேயும் கிடையாது. கமிட்டியில் உட்கார்ந்து நாங்களே உண்டாக்கின முறை. அவள் அதையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டாள். தப்பு தன்னுடையதுதான், நாக்கு திருந்தவில்லை, அதனால்தான் ஆண்டவர் காது கொடுக்கவில்லை என்று நம்பி, நாக்கில் கற்கண்டு வைத்துக்கொண்டு தேவரீர் தேவரீர் என்று சொல்லிப் பழகினாள்.

தை மாசம் ஒரு ஞாயிறு செவ்வந்தியைக் கைத்தாங்கலாகக் கோயிலுக்குக் கூட்டிவந்தாள். முகம் ஊதி, கண் இடுக்கிக்கொண்டிருந்தது பிள்ளைக்கு, ஆனாலும் கோயிலையும் மணிக்கூண்டையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தது. நேராகத் தாயின் பக்கத்தில் உட்காரப் போனாள். நான்தான் ஓடிப்போய்த் தடுத்தேன். "தரையில உக்காந்தா காலு இன்னும் வீங்குமே தாயி, அந்தா பெஞ்சு இருக்கு பாரு, சாஞ்சு உக்காரு" என்று தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரோரம் உட்காரவைத்தேன். மாடத்தி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். சாமி குடுத்த புத்தி டீச்சர் உங்களுக்கு, எனக்கு இது தோணலையே, என்றாள்.

அந்தக் கோடையில் எனக்கும் கால் வீங்க ஆரம்பித்தது. சர்க்கரை பத்து வருஷமாக இருந்தது, அது உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தின்றிருக்கிறது. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, இனி உப்பு கூடாது, தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும், கூடிய சீக்கிரம் ரத்தம் சுத்தம் பண்ணுகிற மிஷினில் படுக்க வேண்டியிருக்கும் என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து என் முறையான ஜெபத்தைப் பண்ணினேன், துதி, அறிக்கை, ஸ்தோத்திரம், விண்ணப்பம், ஒரு வார்த்தை பிசகவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. இத்தனை வருஷமும் என் ஜெபத்துக்கு ஒன்றும் நடந்ததில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கஞ்சியை உப்பில்லாமல் முழுங்கிக்கொண்டே நான் மாடத்தியின் பெரிய விண்ணப்பத்தைப் பற்றி நினைத்தேன்.

திடப்படுத்தலுக்கு இன்னும் நாலு மாசம் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஆகஸ்டு மாசம் ஆசீர்வாதத்தைப் பார்த்து, பட்டியலில் அடுத்த ஞாயிறு என் பேரைப் போடு என்றேன். மாடத்தியை வரச்சொல்லி, "நீ நல்லாத் தேறிட்டே. இந்த வாரம் பெரிசைக் கேளு" என்றேன். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள், என் வீங்கின காலைத்தான். "டீச்சர், நீங்களே பக்கத்துல நிக்கீங்களா? தப்பு வந்தா மெதுவா எடுத்துச் சொல்லுங்க" என்றாள். நிற்கிறேன் என்றேன்.

நின்றேன். அவள் அன்றைக்கு ஒரு தப்பும் செய்யவில்லை. அன்பும் இரக்கமும் உள்ள என்று ஆரம்பித்து, தேவரீர் வரவேண்டிய இடத்தில் தேவரீரும் அடியாள் வரவேண்டிய இடத்தில் அடியாளும் வந்து, கடைசியில் அடியாளுடைய குமாரத்தியின் சிறுநீரகங்களுக்குப் பூரண சுகத்தைத் தந்தருளும் என்று முடித்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

செவ்வாய்க்கிழமை என் கால் வீக்கம் வடிந்துவிட்டது. வியாழக்கிழமை டாக்டர் காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, முன்னே சோதனை பண்ணின மிஷினில்தான் கோளாறு போல, அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்றார். வீட்டுக்கு வந்து கஞ்சியில் ஒரு பிடி உப்பைப் போட்டுக் கலக்கிக் குடித்தேன். நாலு மாசத்துக்குப் பிறகு உப்பு. அந்த ருசியை என் நாக்கு இன்னும் மறக்கவில்லை, பாவி நாக்கு. ஒன்பதாம் நாள் செவ்வந்தி செத்துப்போனாள்.

அவளுக்கு ஞானஸ்நானம் கிறிஸ்துமஸுக்கு என்று தள்ளிவைத்திருந்தோம், அதனால் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் கொடுக்க முடியாது என்று கமிட்டி சொல்லிவிட்டது. மதிலுக்கு வெளியே, உடைமரத்தடியில் குழி வெட்டினார்கள். போதகர் வந்து சுருக்கமாக ஜெபித்துவிட்டுப் போனார். எல்லோரும் போன பிறகு மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்த ஆசீர்வாதத்துக்கு என்ன ஆயிற்றோ, மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு, ஆட்டிலிருந்து ஆரம்பித்து என் சிறுநீரகம் வரைக்கும் ஒன்றுவிடாமல் மாடத்தியிடம் சொல்லிவிட்டான். அவள் மண்வெட்டியை எடுத்து மீதி மண்ணைத் தானே தள்ளினாளாம். இதெல்லாம் அவன் பிற்பாடு எனக்குச் சொன்னது.

மூன்று ஞாயிறு அவள் வரவில்லை. நாலாவது ஞாயிறு வந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது எங்களுக்குத் தெரியாது. பட்டியலில் அன்றைக்குப் பேர் இருந்தவள் முண்டிக்கொண்டு வந்தாள். மாடத்தி கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். "டீச்சர், நீங்க வாங்க" என்றாள். சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு வேண்டியது இனி ஒன்றும் இல்லை, போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் கூப்பிட்ட விதத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லை, போய்ப் பக்கத்தில் முழங்காலிட்டேன்.

அவள் துதி சொல்லவில்லை. அறிக்கை சொல்லவில்லை. கையை நீட்டினாள், முதல் நாள் நீட்டின மாதிரியே.

"ஏ ஆண்டவரே, எம்மவ போயிட்டா. அவளை இனி நீ தரமாட்டே, நான் கேக்கல. எனக்கு வேற ஒண்ணு வேணும். அவ எனக்கு ஒரு நிமிசம்கூட மறக்கப்பிடாது. அவ பாலு குடிச்சது, நடக்கப் படிச்சது, பாவாடையில மண்ணை அள்ளிக்கிட்டு வந்தது, ஊசி குத்தையில எங்கையைப் பிடிச்சது, கடைசியில தண்ணி கேட்டது, எல்லாம் அப்படியே எங்கூடவே இருக்கணும். இந்த வயித்தெரிச்சலு சாவுறமட்டும் ஒரு பொட்டு குறையப்பிடாது. அவ்வளவுதான். ஆமென்."

பிறகு கண்ணைத் திறந்து, பக்கத்தில் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி என்னைக் கேட்டாள்.

"கெடைச்சிதா டீச்சர்?"

கிடைத்தது. அந்த இடத்திலேயே கிடைத்தது. பிள்ளை பெறாத என் மாரில் பால் கட்டிக்கொண்ட வலி வந்து நான் பாயில் சுருண்டு விழுந்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு நிமிஷம் ஓய்வில்லை. பல் முளைக்கும் முன் செவ்வந்தி என் தோளைக் கடித்தது தெரியும். எண்ணெய் தேய்த்த அவள் உச்சந்தலை எப்படி மணக்கும் என்று தெரியும். அடுத்த வீட்டு மாம்பிஞ்சைத் திருடிக்கொண்டு வந்து, நான் அடிக்கக் கையை ஓங்கினதும் பாதியைக் கடித்து என் வாயில் திணித்தது தெரியும். கடைசி ராத்திரி, அளந்த தண்ணீர் தீர்ந்துபோய், இன்னும் ஒரே ஒரு மடக்கு என்று அவள் கேட்டதும், டாக்டர் வேண்டாம்னாரு மக்கா என்று நான் சொன்னதும் தெரியும். நான் எங்கே சொன்னேன். அன்றைக்கு நான் என் வீட்டில் உப்புக் கஞ்சி குடித்துவிட்டு நன்றாகத் தூங்கினேன். ஆனாலும் நான் சொன்னதாகத்தான் என் நெஞ்சில் இருக்கிறது, நான்தான் அந்தத் தண்ணீரைக் கொடுக்காதவள். காலையில் எழுந்ததும் முதல் நினைப்பு, வீக்கம் எப்படி இருக்கிறதோ என்று. அடுத்த நினைப்பு, பிள்ளை இல்லை என்று. தினமும் புதுசாக, தினமும் அப்போதுதான் செத்தமாதிரி.

ஊர் என்ன செய்தது என்று கேட்கிறீர்களா. பயந்துபோய் ஒரு வாரம் பட்டியலை ஆணியிலிருந்து எடுத்து ஒளித்துவைத்தது. பிறகு கயிற்றைப் பழைய இடத்திலேயே கட்டினார்கள், பாயைத் திரும்பவும் வாசலோரம் கொண்டுபோய்ப் போட்டார்கள், அவரவர் பாயில் அவரவர் உட்கார்ந்தார்கள். மாடத்தியும் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள். கேட்காதவளுக்குப் பக்கத்தில் யார் உட்காருவார்கள். ஆறு மாசத்தில், அப்படி ஒன்று நடந்ததா என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார்கள். சாராள்தங்கத்தின் ஆட்டுக்குட்டிகள் பெருகி மந்தையாகிவிட்டன. தகரத் தகடுகள் இன்னும் பின்னறையில்தான் கிடக்கின்றன, துருப் பிடித்து.

மாடத்தி மெல்லத் தெளிந்தாள். கிணற்றடியில் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது என்றார்கள். கர்த்தர் அவள் கண்ணீரைத் துடைத்துவிட்டார் பார்த்தீர்களா என்று போதகர் பிரசங்கத்தில்கூடச் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. உன் பிள்ளையை நான் சுமக்கிறேன், நீ சிரிக்கிறாயா என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு என்ன யோக்கியதை, அதுவும் தெரியும்.

அடுத்த பங்குனியில் ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டாள். சேலை முனையைத் திருகிக்கொண்டே, "டீச்சர், அவளுக்கு எந்தக் கன்னத்துல குழி விழும்?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "என்ன கேக்கே?"

"சிரிச்சா குழி விழும்லா. நேத்திலேருந்து நெனைச்சு நெனைச்சுப் பாக்கேன், எந்தப் பக்கம்னு பிடிபட மாட்டேங்கு. உங்களுக்குத் தெரியுமே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மறக்கக்கூடாது என்று அவள் கேட்டாள், அது எனக்குக் கிடைத்தது. கேட்டது எதுவும் அவளுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை, இதுவும் கிடைக்கவில்லை. கோபத்தில் என்மேல் எறிந்தபோது இதை அவள் யோசிக்கவில்லை. இடது கன்னம் என்றேன். ஆங், இடது, என்று தன் இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாள்.

அதிலிருந்து வாராவாரம் வந்தாள். அவளுக்குப் பிடிச்ச குழம்பு என்ன டீச்சர். அவ தலைமுடி நீளமா, கட்டையா. அவ என்னை அம்மான்னு கூப்பிடுவாளா, ஆத்தான்னு கூப்பிடுவாளா. ஒவ்வொன்றாகக் கேட்டாள், ஒவ்வொன்றாகச் சொன்னேன், சொன்னதை அடுத்த வாரம் மறந்துவிட்டு வந்து மறுபடியும் கேட்டாள். நான் முழங்காலிட்டு, இதை என்னிடமிருந்து எடுத்து அவளிடமே கொடுத்துவிடும் என்று மன்றாடினேன். என்னுடையது முறையான ஜெபம், அதில் பிழை கிடையாது. அது என் வீட்டு மோட்டுவளையைத் தாண்டிப் போனதில்லை. அவளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், நீ கேள், நான் பக்கத்தில் நிற்காமல் தூரப் போய்விடுகிறேன் என்று கெஞ்சினேன். "எதைக் கேக்க டீச்சர்?" என்றாள். கேட்பதற்கு அவளுக்கு மனசில் ஒன்றும் மிச்சமில்லை.

போன ஞாயிறும் வந்தாள். படியில் உட்கார்ந்தாள். முகத்தில் துக்கம் இல்லை, ஏதோ சாமானை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறவளின் யோசனைதான் இருந்தது.

"டீச்சர், தப்பா நெனைக்கப்பிடாது. எனக்கு ஒரு மக இருந்தாள்லா?"

"ஆமா மாடத்தி. இருந்தா."

"அவ பேரு என்ன?"

நான் வந்து படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, முன்னே வராந்தாவில் வைத்துச் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னேன். செவ், என்றேன். செவ், என்றாள். வந்தி, என்றேன். வந்தி, என்றாள்.

"சேத்துச் சொல்லு."

"செவ்வந்தி" என்றாள். ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்து, "சரியாச் சொன்னேனா டீச்சர்?" என்று கேட்டாள்.